மனைவிக்காக யாரும் அழவில்லை

பொகவந்தலாவை
02.06.2024

ஜீவராணி டீச்சருக்கு,

என்னை உங்களுக்கு நேரில் தெரியாது. நான் றோசலின். ஞானரட்ணத்தின் மனைவி.

போனில் பேசியிருக்கலாம். உங்கள் நம்பரை என் கொழுந்தன் ஜெரோஷன் தந்திருக்கிறான். ஆனால் இந்தக் குவாட்டர்ஸில் ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் மகள் ஷெரோமி பார்ப்பாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, என் போன் பாதி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது. அதனால் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் தியேட்டரில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். சனமெல்லாம் எழுந்து போனது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தீர்கள். "அண்ணி, அவங்கதான் ஜீவராணி டீச்சர்" என்று ஜெரோஷன் காதில் சொன்னான். "மூணாவது தடவ பாக்குறாங்களாம்."

என் வீட்டில் நடப்பதை அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் வாயால் கேட்டது போதாது, என் வாயாலும் கேளுங்கள். இவர் இந்தத் தோட்டத்தில் கண்டாக்கு, மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். தை மாதம் மலையைப் பார்க்கப் போனவர் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டார். மூளையில் இரத்தம் கசிந்ததாம். இப்போது கால் மெதுவாக நடக்கிறது. வலது கை பாதி வந்துவிட்டது. ஞாபகம்தான் வரவில்லை. தனக்கு இருபத்துமூன்று வயது, இறம்பொடையில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஷெரோமியைப் பார்த்து "இது யாரு வீட்டுப் புள்ள?" என்கிறார். என்னை ஆஸ்பத்திரி மிஸ்ஸி என்று நினைக்கிறார். "மிஸ்ஸி, கொஞ்சம் தண்ணி தாங்க" என்று மரியாதையாகக் கேட்கிறார். போன கிழமை, "மிஸ்ஸிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா? எங்க தோட்டத்துல நல்ல பையன் ஒருத்தன் இருக்கான்" என்றார். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் என்னோடு வேலை செய்கிற வீரம்மாவிடம் தெரியாத்தனமாக இதைச் சொல்லிவிட்டேன். "என்ன றோசலின், ஒம் புருஷன் ஒனக்கே மாப்ள பாக்குறாராமே?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு தொட்டில் துணிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன்.

அவர் வாயில் வருகிற பெயர் ஒன்றுதான். ஜீவா. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் என்னிடம் சொல்லாத பெயர்.

படத்தில் ஞாபகம் தப்பிய அந்த ஆளுக்குப் பழைய காதலி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் தலை தெளிகிறது. அதைப் பார்த்ததிலிருந்து ஜெரோஷன், "அந்த டீச்சர் ஒரு தடவ வந்து உக்காந்தா போதும் அண்ணி" என்று நச்சரிக்கிறான். உங்களையும் கூப்பிட்டானாம். நீங்கள் வர வேண்டாம். வந்தால் வாசலோடு நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். படம் முடிந்த பிறகும் ஏன் எழுந்திருக்கவில்லை? யாருக்காக அழுதீர்கள்?

றோசலின்


கொட்டகலை
08.06.2024

மதிப்புக்குரிய றோசலின் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இதற்கு முன் எழுதிய இரண்டு பதில்களைக் கிழித்துப் போட்டேன். முதலாவதில் அதிகமாக மன்னிப்புக் கேட்டிருந்தேன். இரண்டாவதில் அதிகமாகக் கோபப்பட்டிருந்தேன்.

ஜெரோஷன் என்னை அழைத்தது உண்மை. வருகிறேன் என்றும் நான் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். இதை உங்களிடம் மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

உங்கள் கணவரும் நானும் இறம்பொடையில் அடுத்தடுத்த தோட்ட டிவிசன்களில் வளர்ந்தவர்கள். நான் இங்கே ஆசிரியர் கலாசாலையில் படித்த இரண்டு வருடமும் பழகினோம். என் அப்பா தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். வேதக்காரப் பையனுக்கு, ஒரு கிறிஸ்தவனுக்கு, பெண் கொடுத்தால் சங்கத்துக்குள் தலை நிமிர முடியாது என்றார். நான் அழுதேன், ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. உங்கள் கணவர் பொகவந்தலாவைக்கு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை. பத்து வருடத்துக்கு முன் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் பார்த்தேன். தோளில் ஒரு சின்னப் பெண் பிள்ளை. அது ஷெரோமியாக இருக்கும்.

இனி உங்கள் கேள்வி. நேர்மையாகச் சொல்லப் பார்க்கிறேன். எனக்கே அது முழுதாகத் தெரியவில்லை.

அந்தப் படத்துக்கு எங்கள் பாடசாலையிலிருந்து மட்டும் ஒன்பது பேர் போனோம். எல்லோரும் அழுதோம். கணித ஆசிரியர் திலக்ஷன் சேர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பழைய காதலி யாரும் கிடையாது, நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். பிறகு ஏன் அழுகிறோம்? ரேடியோ திருத்துகிற அந்தக் கிழவனுக்குத் தொழில் மறந்துபோகிறது, ஊர் மறந்துபோகிறது, பெற்ற பிள்ளை மறந்துபோகிறது. ஒரே ஒரு பெயர் மட்டும் மிஞ்சுகிறது. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அந்த மிஞ்சிய பெயர் தானாக இருக்க வேண்டும் என்று ஆசை. எல்லாம் கழுவிப் போன பிறகும் அடியில் நீதான் கிடக்கிறாய் என்று எங்கேயோ ஒரு ஆள் நம்மைப் பற்றிச் சொல்வார் என்று.

எனக்கு நாற்பத்தாறு வயது. பிள்ளைகளுக்கு நான் மிஸ். வீட்டுக்காரருக்கு மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிற அம்மா. இருபத்திரண்டு வயதில் நான் எப்படிச் சிரிப்பேன் என்று தெரிந்த யாரும் என்னைச் சுற்றி இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அந்தப் பெண் யாருடைய ஞாபகத்திலாவது இருக்கிறாளா என்று திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுந்திருக்க முடியவில்லை. முதல் முறை பார்த்தபோது உங்கள் கணவருக்கு உடம்பு சரியில்லை என்பதே எனக்குத் தெரியாது. மூன்றாவது முறை தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜீவராணி


பொகவந்தலாவை
13.06.2024

ஜீவராணி டீச்சருக்கு,

நன்றாக எழுதுகிறீர்கள். படித்தவர்கள். மிஞ்சிய பெயராக இருக்க எல்லோருக்கும் ஆசை என்கிறீர்கள். எனக்கு ஒன்று சொல்லுங்கள். அந்தப் படத்தில் மனைவியாக நடித்தவளின் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இருக்கிறது. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஐந்தாறு வசனம். மலசலம் எடுக்கிறாள், கஞ்சி ஊட்டுகிறாள். பழைய காதலி வந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகிறாள். கதவு மூடியதும் பாட்டு. அப்போதுதான் தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சியது. மனைவிக்காக யாரும் அழவில்லை டீச்சர். திலக்ஷன் சேரும் அழுதிருக்க மாட்டார். விசாரித்துப் பாருங்கள்.

இங்கே மழை விடவே இல்லை. பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற வழியில் மண் சரிந்திருக்கிறது. இவர் ஜன்னலண்டை நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார். மழையைப் பார்த்தால் பேச்சு வருகிறது. யாரிடம் பேசுகிறோம் என்ற கவலையே இல்லாமல் இந்த மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்.

இறம்பொடைச் சந்தியில் அவித்த சோளம் வாங்கி, ஒன்றை இரண்டாக முறித்து, பெரிய பாதியை ஜீவாவுக்குக் கொடுத்தாராம். ஆற்றைத் தாண்டி அத்தை வீட்டுக்கு ஒரே குடையில் போனார்களாம். குடை முழுவதும் ஜீவா பக்கம் சாய்ந்திருந்ததால் அவருடைய இடது தோள் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டதாம். நீர்வீழ்ச்சிச் சாரலில் ஜீவாவின் முகம் நனைந்தபோது தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டாராம்.

டீச்சர், இதெல்லாம் எனக்கு நடந்தவை. கல்யாணம் முடிந்த அடுத்த கிழமை அத்தை வீட்டு விருந்துக்குப் போனபோது நடந்தவை. அந்தச் சட்டை நீலக் கோடு போட்டது. பெரிய பாதிச் சோளத்தைத் தின்றவள் நான்.

முதலில், பாவம் மனுஷன் குழம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தப் படத்தின் ஆற்றுப்படிக்கட்டு ஞாபகம் வந்தது. புருஷன் தனக்காகவே தேடிப் பிடித்துக் கூட்டிப்போன இடம் என்று மனைவி அத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த படிக்கட்டு. கடைசியில் பழைய போட்டோ கிடைக்கிறது. அதே படியில் அதே பக்கம் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் செய்ததைத்தான் இவளுக்கும் செய்திருக்கிறான். என் விஷயமும் அதுதானே? இறம்பொடை உங்கள் இரண்டு பேருடைய ஊர். நான் பொகவந்தலாவைக்காரி. சோளக் கடை எங்கே இருக்கிறது, எந்தக் கல்லில் நின்றால் சாரல் அடிக்கும் என்றெல்லாம் அவருக்கு யாரோடு போய்த் தெரிந்தது?

எனக்கு நீளமான பதில் வேண்டாம். அவர் உங்களோடு அங்கெல்லாம் போனாரா, இல்லையா?

றோசலின்


கொட்டகலை
18.06.2024

றோசலின் அவர்களுக்கு,

இறம்பொடைச் சந்தியில் அப்போதும் சோளம் விற்பார்கள். பெரிய அண்டாவில் அவித்து, உப்புத் தண்ணீர் தெளித்துத் தருவார்கள். மழை எப்போதும் பெய்யும்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் குவிந்து கிடக்கின்றன என்று காரணம் சொல்லலாம். அது காரணம் அல்ல. உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பாடசாலைக்கும் கைப்பையில் வைத்துக் கொண்டுபோகிறேன். சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜீவராணி


பொகவந்தலாவை
23.06.2024

ஜீவராணி டீச்சருக்கு,

பொறுக்க வேண்டியதில்லை. பதில் கிடைத்துவிட்டது. இல்லை என்று எழுத ஒரு நிமிஷம் போதும். அதை உங்களால் எழுத முடியவில்லை.

நான் உங்களோடு சண்டை போடவில்லை. யோசித்துப் பார்த்தேன். இருபத்துமூன்று வயதில் இருக்கிற மனுஷனோடு நாற்பத்தொரு வயது மிஸ்ஸி எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தால் நல்லது என்று டொக்டரும் சொல்கிறார். அவருக்குத் தெரிந்தவர் நீங்கள்தான்.

வருகிற சனிக்கிழமை, 29ஆம் திகதி, ஜெரோஷன் பத்து மணிக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்பான். அவனோடு வாருங்கள். நானும் ஷெரோமியும் வெள்ளிக்கிழமையே டிக்கோயாவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற வேலை என்னால் முடியாது. ஷெரோமியிடம் இன்னும் சொல்லவில்லை. பையை மட்டும் எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டாள்.

அவரைப் பார்த்துக்கொள்வது கஷ்டமில்லை. தேநீரில் சீனி போட வேண்டாம், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைத்தால் போதும். கோப்பையை இடது கையில் கொடுங்கள். வலது கையில்தான் வாங்கப் பார்ப்பார், விடாதீர்கள், சுட்டுக்கொள்வார். காலை மாத்திரையை ரொட்டிக்கு முன் கொடுத்தால் குமட்டும். ஷேவ் எடுக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சு நின்றால் தலையைத் திருப்பிவிடுவார். மாலையில் ஜெபம் சொல்கிறபோது மட்டும் எல்லாம் ஞாபகம் வருகிறது, ஒரு சொல் பிசகாமல் சொல்லுவார். உங்களுக்கு அந்த ஜெபம் தெரியாது என்பதை நினைத்தேன். பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று. கீழ் ரோட்டு வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தால் அவருக்கு ஒரு பதற்றம் வரும். "சுரங்கம் வருது. கண்ண மூடிக்க ஜீவா" என்று இடது கையை நீட்டுவார். கையைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் நீட்டியபடியே இருப்பார். நான் கொடுத்துப் பார்த்தேன், "நீங்க இல்ல மிஸ்ஸி" என்றார். அத்தை வீட்டு விருந்துக்குப் போன அன்று இறம்பொடைச் சுரங்கத்துக்குள் பஸ் நுழைகிறபோது எனக்கும் இதையேதான் சொன்னார். நான் அதற்கு முன் சுரங்கத்துக்குள் போனதில்லை, பயந்துபோய் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதுவும் உங்களிடம் பழகியதுதான் என்று இப்போது விளங்குகிறது.

வீட்டுச் சாவி வீரம்மாவிடம் இருக்கும்.

றோசலின்


கொட்டகலை
26.06.2024

றோசலின்,

தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காது. திலக்ஷன் சேரின் தம்பி பொகவந்தலாவை வங்கியில் வேலை செய்கிறார், நாளைக்கு அவர் கையில் தந்துவிடுவார். பையைத் திறந்து துணிகளை வெளியே எடுங்கள். பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

அந்தச் சுரங்கம் எங்கள் காலத்தில் இல்லை.

நாங்கள் பழகியது தொண்ணூற்றொன்பதிலும் இரண்டாயிரத்திலும். அன்றைக்கு இறம்பொடையில் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். மழைக் காலத்தில் கல் உருண்டு வந்து பஸ் நின்றுவிடும், நாங்கள் இறங்கி நடப்போம். மலையைக் குடைந்தது அதற்கு ஏழெட்டு வருடம் கழித்து. அப்போது நான் கொட்டகலைக்கு வந்துவிட்டேன். வெடிச் சத்தத்துக்கு ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது என்று அம்மா போனில் சொல்லுவாள். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த ரோட்டில் ஓடிய எந்த டிரைவரும் சொல்லுவார்.

போகவில்லை என்று மட்டும் நான் எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்றிருப்பீர்கள். நான் பொய் சொல்லலாம், மலை சொல்லாது.

சோளமும் எனக்கு நடக்கவில்லை. குடையும் இல்லை. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவர் நுவரெலியாவில் ஏறுவார். நான் பின் கதவில் ஏறியிருந்தால் அவர் முன் கதவில் ஏறுவார். பஸ்ஸில் எப்படியும் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் ஒரே சீட்டில் உட்கார்ந்ததில்லை. இறங்குகிற இடத்தில் ஒரு தரம் என் மீதிக் காசு கீழே விழுந்தது, அவர் பொறுக்கித் தந்தார், விரல் பட்டது. அவ்வளவுதான் எங்கள் கதை. ஒரே குடையில் நடந்திருந்தால் என்னை லயத்து வீட்டோடு சேர்த்துக் கொளுத்தியிருப்பார்கள்.

இதைப் பதின்மூன்றாம் திகதிக் கடிதம் கிடைத்த அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்பீர்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன் றோசலின். பெரிய பாதிச் சோளம், நனைந்த தோள், நீலக் கோட்டுச் சட்டை. எனக்குக் கிடைக்காத ஒரு காதல், என் பெயரைப் போட்டு, தபாலில் வந்தது. கைப்பையில் வைத்துத் திரிந்தேன். அந்தப் படம் எனக்கு மூன்று முறை தந்ததை உங்கள் கடிதம் ஒரே முறையில் தந்துவிட்டது. சனிக்கிழமை என்ன சேலை உடுத்துவது என்றுகூட நேற்று யோசித்தேன். மாம்பழ மஞ்சள் ஒன்றை வெளியே எடுத்தும் வைத்தேன். பிறகு உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். சுரங்கம் அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கு முன் இரண்டு முறை படித்திருக்கிறேன். இறம்பொடையில் பிறந்த எனக்கு இரண்டு முறையும் படவில்லை என்றால், எவ்வளவு ஆசையோடு படித்திருக்கிறேன் பாருங்கள்.

அந்தப் படம் உங்களுக்குப் பயம் காட்டியது, எனக்கு ஆசை காட்டியது. மிஞ்சுவது பெயர் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது தவறு. உங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது குடை, சோளம், நீட்டுகிற கை. எல்லாம் உங்களுடையவை. பெயர் மட்டும் பழைய துணி மாதிரி எங்கேயோ அடியில் கிடந்து கைக்கு அகப்பட்டிருக்கிறது. அவர் அதை எடுத்து உங்களுக்குப் போர்த்துகிறார்.

சனிக்கிழமை நான் வரமாட்டேன். ஜெரோஷனை மழையில் நிற்க வைக்க வேண்டாம்.

மனைவிக்காக நான் அழவில்லை என்பது உண்மை. அந்த நடிகையின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவில்லை. உங்கள் முகமும் எனக்குத் தெரியாது. இரண்டு வரிசை பின்னால் இருந்திருக்கிறீர்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜீவராணி


பொகவந்தலாவை
07.07.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை பின்னேரம் வந்தது. முதல் பந்தியில் சொன்னதை நான் செய்யவில்லை. பையைப் பூட்டியபடியே வைத்துவிட்டு முழுவதையும் படித்தேன். பிறகு ஜெரோஷனுக்குப் போன் போட்டு, இறம்பொடைச் சுரங்கம் எப்போது வந்தது என்று கேட்டேன். "நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறப்ப தெறந்தாங்க அண்ணி. ஏன்?" என்றான். ஏன் என்று சொன்னேன். "அப்படீன்னா படத்துல..." என்று ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பது நாள் அதைக் கைப்பையில் வைத்திருந்தீர்கள். அந்த ஒன்பது நாளும் நான் இந்த வீட்டில் எப்படி நடமாடினேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் மஞ்சள் சேலையை எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினீர்கள். வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள்.

ஷெரோமி பையை அவளாகவே அலமாரி மேல் ஏற்றிவிட்டாள். இவர் அப்படியேதான் இருக்கிறார். படத்தில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. இன்றைக்குக் காலையிலும் மிஸ்ஸிதான். கல்யாணத்துக்குப் பார்த்த பையனைப் பற்றி விசாரித்துவிட்டார், கொழும்பில் வேலையாம்.

ஆனால் 29ஆம் திகதி சனிக்கிழமை ஒன்று நடந்தது. நீங்கள் வந்திருக்க வேண்டிய அதே நேரம், பத்துப் பதினொரு மணி இருக்கும். நான் அவருக்குப் பின்னால் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கீழ் ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது. "சுரங்கம் வருது. கண்ண மூடிக்க ஜீவா" என்று கையை நீட்டினார். போன முறை நான் முன்னால் போய் நின்று கொடுத்திருந்தேன், முகத்தைப் பார்த்துவிட்டார். இந்த முறை பின்னால் நின்றபடியே, அவர் தோளுக்கு மேலால் கையைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், அவர் சொன்ன மாதிரி.

இறுக்கிப் பிடித்தார். விரலில் கிடக்கிற மோதிரத்தைப் பெருவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். அன்றைக்குப் பஸ்ஸில் அது புது மோதிரம், பெரிதாக இருந்தது, விழுந்துவிடும் என்று அப்படித்தான் சுற்றிக்கொண்டே வந்தார். எனக்கே அது மறந்துபோயிருந்தது அக்கா. பஸ் சத்தம் போன பிறகு, "தெறந்துக்க. வெளிச்சம் வந்துருச்சு" என்றார்.

திறக்கவில்லை. "ஜீவா" என்று கூப்பிட்டார்.

"ம்" என்றேன்.

அதிலிருந்து பஸ் வருகிற நேரமெல்லாம் நான் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். ஷெரோமிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், அப்பா அந்தப் பெயரைச் சொன்னால் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார் என்று. அதற்கு உங்களிடம் கேட்காமலே சொல்லிவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

உங்கள் பெயரை இன்னும் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்ளட்டுமா?

றோசலின்